எப்காட்டின் நீர்ப் பாதை: பூங்காவுக்குப் பொருத்தம், நிலத்துக்கு?

டிசம்பரில் ஆறு வயது மகளோடும் பெற்றோரோடும் ஃபுளோரிடா செல்லவிருக்கிறீர்கள். டிஸ்னியின் எப்காட் பூங்காவில் புதிதாக வந்திருக்கும் ‘ஜர்னி ஆஃப் வாட்டர்’ என்ற நீர்ப் பாதை அந்த இடத்துக்குப் பொருத்தமானதா, அல்லது பசிபிக் தீவுப் பெண்ணின் கதையான மோவானா படத்தின் பெயரை வைத்துக் காலி இடத்தை நிரப்பியிருக்கிறார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருப்பதாக நினைக்கிறேன். அறிவுக்கென்று கட்டிய பூங்காவில் கார்ட்டூன் படத்துக்கு என்ன வேலை என்பது ஒன்று. செயற்கைப் பாறையும் குழாய்த் தண்ணீரும் வைத்துச் செய்த ஒன்றை இயற்கை என்று குழந்தைக்குக் காட்டலாமா என்பது இன்னொன்று. நான் பொதுப் பூங்காக்களுக்கும் நீரூற்றுகளுக்கும் வரைபடம் போடும் நிலவடிவமைப்புத் தொழிலில் நீண்ட காலமாக இருப்பவன். டிஸ்னியோடு தொழில் தொடர்பு எதுவும் எனக்கு இல்லை. அதனால் கட்டுமானம், நீர், நிலம் ஆகியவற்றைப் பற்றி உறுதியாகச் சொல்வேன். ரசனை சார்ந்தவற்றை என் கருத்தாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த இடத்தின் வரலாறு தெரிய வேண்டும். 1966இல் வால்ட் டிஸ்னி அறிவித்த எப்காட் கேளிக்கைப் பூங்காவே அல்ல. மக்கள் குடியிருக்கும் ஒரு மாதிரி நகரம். போக்குவரத்து, குடிநீர், கழிவு, மின்சாரம் எல்லாம் புதிய முறையில் இயங்கிக் காட்டும் நகரமாக அதை அவர் கற்பனை செய்தார். அந்த ஆண்டு டிசம்பரிலேயே அவர் இறந்துவிட்டார். நகரத் திட்டமும் அவரோடு நின்றது. 1982 அக்டோபர் 1 அன்று திறக்கப்பட்டது உலகக் கண்காட்சி போன்ற ஒரு பூங்கா. ஒரு பாதியில் அறிவியல், தொழில்நுட்ப அரங்குகள். மறுபாதியில், ஏரியைச் சுற்றி நாடுகளின் அரங்குகள். திறந்த புதிதில் மிக்கி மௌஸுக்குக்கூட அங்கே இடம் தரவில்லை. படப் பாத்திரங்கள் டிஸ்னியின் பக்கத்துப் பூங்காவான மேஜிக் கிங்டமுக்கு, அறிவும் உலகமும் எப்காட்டுக்கு என்று பிரித்து வைத்திருந்தார்கள். அந்தப் பழைய எப்காட்டோடு வளர்ந்தவர்கள் மோவானா வருகிறாள் என்றதும் கோபப்பட்டதன் காரணம் இதுதான். அந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன்.

கோபம் அடைய வேறு நியாயங்களும் இருந்தன. நார்வே அரங்கில் 1988 முதல் ஓடிய படகுச் சவாரியை எடுத்துவிட்டு, 2016இல் டிஸ்னியின் ஃப்ரோஸன் படத்தை ஒட்டிய சவாரியை வைத்தார்கள். ஃப்ரோஸன் நடக்கும் ஆரண்டெல் கற்பனை நாடு. நார்வேயைப் பற்றி அந்தச் சவாரி எதையும் சொல்லவில்லை. ஆற்றலைப் பற்றிப் பேசிய அரங்கு 2017இல் மூடப்பட்டது; 2022இல் அங்கே கார்டியன்ஸ் ஆஃப் த கேலக்ஸி படத்தை ஒட்டிய ரோலர் கோஸ்டர் வந்தது. சவாரியாக அது மிகச் சிறந்தது என்று பலரும் சொல்கிறார்கள். ஆனால் ஆற்றல் என்ற பொருள் அந்த மூலையிலிருந்தே போய்விட்டது. ஆகவே 2019 ஆகஸ்டில் மோவானாவின் பெயரோடு நீர்ப் பாதை அறிவிக்கப்பட்டபோது, இன்னொரு பொருளும் இப்படித்தான் காணாமல் போகப் போகிறது என்று பலர் அஞ்சியது இயல்பே. இடையில் பெருந்தொற்று வந்து பூங்காவே சில மாதங்கள் மூடிக் கிடந்தது. பாதை 2023 அக்டோபர் 16 அன்று திறக்கப்பட்டது.

பொருத்தத்தை அளக்க நான் பயன்படுத்தும் வழி எளிது. படத்தின் பெயரையும் உருவங்களையும் மனத்தில் எடுத்துவிட்டுப் பாருங்கள், என்ன மிஞ்சுகிறது? ஃப்ரோஸன் சவாரியில் இதைச் செய்தால் படகும் இருட்டும் மட்டுமே மிஞ்சும். நீர்ப் பாதையில் நீர் மிஞ்சுகிறது. மழை, ஓடை, அருவி, ஏரி, கடல், மீண்டும் வானம் என்று நீரின் சுழற்சியை நடந்தே பார்க்கிறீர்கள். சவாரி வண்டி இல்லை, இருக்கை இல்லை, உயர வரம்பு இல்லை. படத்தின் கதையும் சொல்லப்படவில்லை. மோவானா எங்கே போனாள், யாரைச் சந்தித்தாள் என்பது பாதைக்குத் தேவைப்படவில்லை. படத்திலிருந்து எடுத்துக்கொண்டது ஒரே ஒரு எண்ணத்தைத்தான்: நீருக்கு உயிர் உண்டு, அதை நீ மதித்தால் அது உன்னோடு பேசும். ஒரு படத்தை அறிவியல் பூங்காவுக்குள் கொண்டுவர வேண்டுமென்றால் இந்த அளவில்தான் கொண்டுவர வேண்டும். மோவானா 2016இல் வந்தபோது அதைப் பார்க்காமல் விட்ட உங்கள் பெற்றோருக்கும் இந்தப் பாதையில் எதுவும் புரியாமல் போகாது.

இடத்தைப் பொறுத்தவரை பொருத்தம் இன்னும் வலுவாக இருக்கிறது. 1982இல் வரைந்தபோதே அறிவியல் பாதியைக் கிழக்கு, மேற்கு என இரண்டாகப் பிரித்திருந்தார்கள். கிழக்கே ஆற்றல், போக்குவரத்து போன்ற இயந்திரப் பொருள்கள். மேற்கே நிலம், கடல், கற்பனை. வேளாண்மையைப் பற்றிய ‘தி லேண்ட்’ அரங்கு முதல் நாளிலேயே திறந்துவிட்டது. ‘தி ஸீஸ்’ கடல் அரங்கு 1986 ஜனவரியில் வந்தது. ஏறத்தாழ 2 கோடியே 15 லட்சம் லிட்டர் உப்புநீர்த் தொட்டியோடு. திறந்தபோது உலகிலேயே அந்த வகையில் மிகப் பெரியது அதுதான். 2021இல் பூங்காவை மறுபடி பிரித்துப் பெயரிட்டபோது இந்த இரண்டும் ‘வேர்ல்ட் நேச்சர்’ என்ற பகுதிக்குள் வந்தன. நிலம் ஓர் அரங்கு, கடல் ஓர் அரங்கு. ஆனால் நிலத்திலிருந்து கடலுக்குப் போவது எது, கடலிலிருந்து நிலத்துக்குத் திரும்புவது எது என்பதைச் சொல்ல நாற்பது ஆண்டுகளாக அங்கே ஒன்றும் இல்லை. வேளாண்மை அரங்கில் செடிக்குத் தண்ணீர் பாய்கிறது, அது எங்கிருந்து வந்தது என்ற கேள்வி எழவில்லை. கடல் அரங்கில் மீன் நீந்துகிறது, ஆறு எதையெல்லாம் கொண்டுவந்து கடலில் சேர்க்கிறது என்ற கேள்வி எழவில்லை. நீர்ப் பாதை நிற்பது அந்த இடைவெளியில். 1982இல் திட்டமிட்டவர்களே விட்டுவைத்த ஒரு வாக்கியத்தை யாரோ எழுதி முடித்ததுபோல எனக்குத் தோன்றியது. படத்தின் பெயர் இல்லாமல் வந்திருந்தால், பழைய எப்காட்டை நேசிப்பவர்களே இதை முதலில் கொண்டாடியிருப்பார்கள் என்று நம்புகிறேன்.

பழைய எப்காட்டோடு இன்னொரு உறவும் உண்டு. அது என் தொழில் சார்ந்தது, அதனால் சற்று நீட்டிச் சொல்கிறேன். இந்தப் பாதையில் குழந்தைகள் அதிகம் நிற்கும் இடங்கள் நீர் துள்ளும் இடங்கள். தலைக்கு மேல் வளைந்து ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தாவும் நீர், கையை உயர்த்தினால் தானும் உயரும் நீர், விரலால் தொட்டால் இசை எழுப்பும் நீர்த்தாரைகள். தாவும் நீர் எப்காட்டுக்குப் புதிதல்ல. கற்பனை அரங்கின் முன்னால் துள்ளும் நீரூற்றுகள் எண்பதுகளின் தொடக்கத்திலிருந்தே இருக்கின்றன. குழாயிலிருந்து வரும் நீர் இயல்பாகவே கொந்தளித்துக்கொண்டு வரும். வெளியே வந்ததும் சிதறும். அதை நெருக்கமான மெல்லிய குழல்களின் வழியே செலுத்தினால் எல்லா இழைகளும் ஒரே திசையில், ஒரே வேகத்தில் நகரும். பிறகு கூர்மையான விளிம்புள்ள துளை வழியாக வெளியேற்றினால் நீர் கண்ணாடிக் கம்பிபோல வளையும். அந்தக் கம்பியை ஒரு தகடு இடையிடையே வெட்டினால் துண்டு துண்டாகத் தாவும். எப்காட்டின் அந்த நீரூற்றில் பணியாற்றிய மார்க் ஃபுல்லர் 1983இல் தனி நிறுவனம் தொடங்கினார். லாஸ் வேகாஸின் பெலாஜியோ நீரூற்றையும் துபாயின் புர்ஜ் கலிஃபா நீரூற்றையும் செய்தது அந்த நிறுவனம்தான். இன்று உலகெங்கும் வணிக வளாகங்களில் துள்ளும் நீரின் மூதாதை எப்காட்டின் மேற்குப் பாதியில் இருந்தது. அதே மேற்குப் பாதியில், நாற்பது ஆண்டுகள் கழித்து, நீரைத் தொட்டு அறிய ஒரு பாதை வந்திருக்கிறது. இதைவிட உரிமையுள்ள இடம் அதற்கு வேறெங்கும் கிடைத்திருக்காது.

சிலர் இது டிஸ்னியின் இன்னொரு பூங்காவான அனிமல் கிங்டமுக்குப் போயிருக்க வேண்டும் என்கிறார்கள். 1998 புவி நாளன்று திறந்த அந்தப் பூங்காவின் பொருளே இயற்கைதான். 2017இல் அவதார் படத்தின் பண்டோரா உலகை அங்கே நேர்த்தியாகக் கட்டினார்கள். ஆனால் அந்தப் பூங்காவின் முறை வேறு. நீங்கள் வேறொரு நாட்டில், வேறொரு கோளில் இருப்பதாக முழுமையாக நம்ப வேண்டும். வெளியுலகின் ஒரு கம்பிகூடக் கண்ணில் படக் கூடாது. எப்காட் அப்படி நம்பச் சொல்வதில்லை. நீர்ப் பாதையில் நடக்கும்போது மோனோரயில் பாலத்தையும் 55 மீட்டர் உயரக் கோளமான ஸ்பேஸ்ஷிப் எர்த்தையும் பார்க்கிறீர்கள். தீவின் மாயை கலைந்துவிட்டது என்று இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. கண்காட்சித் திடலில் ஓர் அரங்கிலிருந்து அடுத்த அரங்கு தெரிவது வழக்கம்தான். அது ‘இது செய்து காட்டிய நீர்ச்சுழற்சி, உண்மையான காடு அல்ல’ என்று குழந்தைக்கு நேர்மையாகச் சொல்லிவிடுகிறது. பாதையின் முடிவில் நிற்கும், மோவானா படத்தில் வரும் டெ ஃபிடி தேவியின் உருவமும் ஏறத்தாழ 5 மீட்டர் உயரம்தான். அந்தக் கோளத்தோடு போட்டி போடவில்லை. உயரத்தில் அடக்கம் காட்டியதை நான் மிகவும் பாராட்டுகிறேன். பெரிய எரிமலை ஒன்றை எழுப்பி வானத்தை மறைப்பது அவர்களுக்கு எளிதாகவே இருந்திருக்கும்.

இழந்ததையும் சொல்ல வேண்டும். பாதை இருக்கும் இடத்தில் முன்பு இருந்தது வளைந்த பெரிய கட்டடம். 1982இல் கம்யூனிகோர் என்றும் 1994இலிருந்து இன்னோவென்ஷன்ஸ் என்றும் பெயர். கிழக்கும் மேற்குமாக இரண்டு வளைவுகள், நடுவே பெரிய நீரூற்று என்று அந்தத் திடலுக்கு ஒரு கம்பீரமான சமச்சீர் இருந்தது. மேற்கு வளைவும் நீரூற்றும் இடிக்கப்பட்டதும் அந்த ஒழுங்கு போய்விட்டது. புதிய தோட்டங்கள் 2023 டிசம்பரில் திறந்தன. நிழலும் பசுமையும் கூடியிருக்கின்றன, ஆனால் கோளத்தைத் தாண்டி உள்ளே வந்ததும் நெஞ்சை நிமிர்த்திய அந்தத் திறந்தவெளி இன்று இல்லை. நீர்ப் பாதை இல்லாமலே இந்த இழப்பு நேர்ந்திருக்கலாம். கட்டடம் பழையதாகிவிட்டது, உள்ளே காட்டுவதற்கும் சரக்கு தீர்ந்துவிட்டது. இருந்தாலும் அந்தச் சமச்சீருக்காக ஏங்குபவர்களிடம் ‘புதியதை ஏற்றுக்கொள்ளுங்கள்’ என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இனி இரண்டாவது கேள்வி, செயற்கை. பாறைகள் எல்லாம் சிமெண்ட். கம்பிக் கூடு கட்டி, அதன்மேல் காங்கிரீட்டைப் பீய்ச்சி, ஈரமாக இருக்கும்போதே செதுக்கி, பிறகு பல அடுக்குகளாக வண்ணம் பூசுவது இந்தத் தொழிலின் வழக்கமான முறை. நல்ல கைவினைஞர்கள் செய்தால் பாறையின் அடுக்கும் வெடிப்பும் நீர் வடிந்த கறையும் இயற்கையின் விதிப்படியே அமையும். அந்த வகையில் இங்கே வேலை முதல் தரம். பாறைகளில் படத்தின் சிறு பாத்திரங்களை ஒளித்துச் செதுக்கியிருக்கிறார்கள். உங்கள் மகள் அவற்றைத் தேடுவாள், தேடட்டும். நீரைப் பற்றியும் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். மக்கள் உடலில் படும் நீரூற்றின் நீரை நீச்சல்குளத்து நீரைப் போலவே வடிகட்டிக் கிருமி நீக்கித்தான் திரும்பத் திரும்ப ஓடவிட வேண்டும். அதாவது நீரின் பெரும்பயணத்தைச் சொல்லும் இந்தத் தண்ணீர் அந்தப் பயணத்தைச் செய்வதில்லை. தொட்டியிலிருந்து குழாய்க்கும் குழாயிலிருந்து தொட்டிக்கும் சுற்றுகிறது. ஆவியாகிப் போகும் பகுதி மட்டுமே வானத்தைச் சேர்கிறது. இதை ஏமாற்று என்று நான் கருதவில்லை. ஆயிரக்கணக்கான குழந்தைகள் கைவைக்கும் நீர் பாதுகாப்பாக இருப்பது முதல் கடமை. ஆனால் குழந்தையிடம் இதையும் சொல்லலாம், புரிந்துகொள்வாள்.

எனக்கு உண்மையான மனக்குறை வேறோர் இடத்தில் இருக்கிறது. நீர்ப் பாதை பூங்காவுக்குப் பொருந்துகிறது. பூங்கா நிற்கும் நிலத்துக்கு இன்னும் பொருந்தவில்லை. பாதை காட்டுவது பசிபிக்கின் எரிமலைத் தீவின் நீர். உயர்ந்த மலையில் மழை பெய்கிறது, பாறைகளில் அருவியாக விழுகிறது, சில மைல்களில் கடலைச் சேர்கிறது. நடு ஃபுளோரிடாவில் மலை இல்லை, அருவி விழும் பாறை இல்லை. அந்த நிலம் தட்டையானது, அடியில் சுண்ணாம்புக்கல். ஆண்டுக்கு ஏறத்தாழ 1,300 மில்லிமீட்டர் மழை, அதில் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரை. அந்த மழை சரிவைத் தேடி ஓடுவதில்லை. சதுப்பில் தேங்கி, புல்லுக்கிடையே மெதுவாக நகர்ந்து, மணலிலும் சுண்ணாம்புக்கல்லின் துளைகளிலும் இறங்குகிறது. அடியில் இருப்பது ஃபுளோரிடன் நிலத்தடி நீர்த்தேக்கம், உலகின் வளமான நீர்த்தேக்கங்களில் ஒன்று. பூங்காவுக்கு அருகிலுள்ள ஆர்லாண்டோ நகரம் குடிப்பது அதைத்தான். இறங்கிய நீர் வேறெங்கோ ஊற்றாக வெளிவருகிறது. ஃபுளோரிடாவில் இப்படி ஆயிரம் ஊற்றுகளுக்கு மேல் இருக்கின்றன; பெரும்பாலானவற்றின் நீர் கோடையிலும் குளிரிலும் ஏறத்தாழ 22 டிகிரி செல்சியஸிலேயே நிற்கிறது.

டிஸ்னியின் நிலமும் இந்தக் கதையின் நடுவில்தான் இருக்கிறது. அறுபதுகளில் அவர்கள் வாங்கிய 27,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில் பெரும்பகுதி சதுப்பு. அதை வாழத் தகுந்ததாக்க ராணுவப் பொறியாளராக இருந்த வில்லியம் ‘ஜோ’ பாட்டரின் மேற்பார்வையில் பல மைல்களுக்குக் கால்வாய்கள் வெட்டினார்கள். நேர்கோட்டில் வெட்டாமல் இயற்கையான ஓடைபோல வளைத்து வெட்டினார்கள். நீர்மட்டம் உயர்ந்தால் தானே திறக்கும் மதகுகள் வைத்தார்கள். அங்கே ஓடும் ரீடி கிரீக் என்ற ஓடை தெற்கே போய் கிஸ்ஸிமி ஏரிகளைச் சேர்கிறது. அங்கிருந்து கிஸ்ஸிமி ஆறு, ஓகீசோபி ஏரி, அதற்குத் தெற்கே எவர்கிளேட்ஸ் பெருஞ்சதுப்பு. மேஜிக் கிங்டம் இருக்கும் அதே நிலத்தில் விழும் மழைக்கு எவர்கிளேட்ஸோடு உறவு உண்டு. டிஸ்னி தன் வளர்ச்சியில் அழித்த சதுப்புக்கு ஈடாக, தொண்ணூறுகளில் கிஸ்ஸிமிக்குத் தெற்கே ஒரு பெரும் நிலப்பரப்பு இயற்கைக் காப்பகமாக ஒதுக்கப்பட்டது. இன்று அது ஏறத்தாழ 11,500 ஏக்கர். ஹோட்டல்களிலும் பூங்காக்களிலும் பயன்பட்ட நீரைச் சுத்திகரித்துப் புல்வெளிகளுக்கும் செடிகளுக்கும் பாய்ச்சுகிறார்கள். ஒரு பகுதியை மணல் படுகைகளில் விட்டு மீண்டும் நிலத்தடிக்கு அனுப்புகிறார்கள்.

இதைக் கேட்டால், வால்ட் டிஸ்னி நினைத்த எப்காட் இதுதானே என்று தோன்றவில்லையா? ஒரு நகரம் தன் நீரை எங்கிருந்து எடுக்கிறது, எப்படித் திருப்பிக் கொடுக்கிறது என்பதைக் காட்டுவதுதானே அந்தப் பெயரின் முதல் நோக்கம். அந்த நகரம் வரவில்லை. ஆனால் அதற்கான நீர் ஏற்பாடுகளில் கணிசமான பகுதி வந்துவிட்டது, பார்வையாளர் கண்ணில் படாமல் வேலை செய்துகொண்டிருக்கிறது. நீர்ச்சுழற்சியைச் சொல்ல எப்காட் கையில் இருந்த மிகச் சிறந்த கதை தன் சொந்தக் கதை. அதை விட்டுவிட்டு, தொலைதூரத் தீவின் கதையை மையமாக வைத்திருக்கிறார்கள். தீவின் கதை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தீவில் தொடங்கி, கடைசி வளைவில் ‘நீங்கள் நிற்கும் இந்த மண்ணின் நீர் இப்படித்தான் போகிறது’ என்று முடித்திருந்தால் இது பூங்காவின் மிகச் சிறந்த அரங்காகியிருக்கும். ஓர் ஊற்றுக்கண், ஒரு சதுப்புத் துண்டு, உள்ளூர் சைப்ரஸ் மரங்கள் சில. இவற்றுக்குப் பெரிய இடமும் தேவைப்பட்டிருக்காது.

அக்கம்பக்கத்து அரங்குகள் இதைச் செய்திருக்கின்றன, அதனால்தான் உரிமையோடு கேட்கிறேன். ‘தி லேண்ட்’ அரங்கின் படகில் போனால் பசுமைக் குடில்களில் மண்ணில்லாமல் வளரும் காய்கறிகளைப் பார்ப்பீர்கள். அவை காட்சிப் பொருள் மட்டுமல்ல. விளைச்சல் அங்குள்ள உணவகங்களுக்குப் போகிறது. ‘தி ஸீஸ்’ அரங்கில் நீமோ என்ற மீனின் கார்ட்டூன் படம் வந்த பிறகும், காயம்பட்டு மீட்கப்பட்ட மானட்டிகளைப் பராமரிக்கிறார்கள். மானட்டி என்பது நம் பாக் நீரிணையின் ஆவுளியாவுக்கு உறவான கடற்பசு, ஃபுளோரிடாவின் சொந்த விலங்கு. குளிர்காலத்தில் கடல் குளிர்ந்ததும் உயிர் பிழைக்க அவை தேடிப் போவது நான் மேலே சொன்ன 22 டிகிரி ஊற்றுகளைத்தான். அடுத்த அரங்கில் மானட்டி, நடுவில் நீர்ப் பாதை. இரண்டையும் இணைக்கும் ஊற்றின் கதை மட்டும் மையத்துக்கு வரவில்லை. இந்த ஒரு விஷயத்தில் எனக்கு ஆதங்கம் தீரவில்லை.

பொருந்தாத ஒன்று காலப்போக்கில் திருத்தப்படுவதும் எப்காட்டில் நடந்திருக்கிறது. 2005இல் ‘தி லேண்ட்’ அரங்குக்குள் ‘ஸோரின்’ என்ற பறக்கும் சவாரி வந்தபோது, திரையில் ஓடியது கலிஃபோர்னியாவின் மேல் பறக்கும் படம். கலிஃபோர்னியாவின் பூங்காவுக்காக எடுத்ததை அப்படியே கொண்டுவந்துவிட்டார்கள். வேளாண்மை அரங்குக்கும் அதற்கும் தொடர்பு மிக மெல்லியது. 2016இல் உலகம் முழுவதையும் காட்டும் புதிய படம் வந்த பிறகு ஓரளவு சரியானது. நீர்ப் பாதையில் திருத்தம் இன்னும் எளிது, ஏனென்றால் அது தோட்டம். தோட்டத்தில் ஒரு மூலையை மாற்றி நடலாம், ஒரு பலகையைச் சேர்க்கலாம்.

இனி உறுதியில்லாதவை. இந்தப் பாதை எப்படி மூப்படையும் என்பதை இப்போதே சொல்ல முடியாது. நடப்பட்ட மரங்கள் முழு உருவம் பெறப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆகும். அதற்குள் ஆர்லாண்டோவில் ஒரு கடும் பனிக்குளிர் வந்தால் வெப்பமண்டலச் செடிகள் கருகும். நீரைத் தொட்டு இயக்கும் உணரிகள் ஈரத்திலும் வெயிலிலும் அடிக்கடி பழுதாகும் வகை. பராமரிப்புக்குப் பணம் ஒதுக்கும்வரை பாதை உயிரோடிருக்கும். ஒதுக்கீடு குறைந்தால் முதலில் இறப்பது கையை உயர்த்தினால் எழும் அந்த நீர்தான். நான் வேலை செய்த பொதுப் பூங்காக்களில் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அதேபோல, பாதையிலிருந்து வெளிவரும் குழந்தை நீர்ச்சுழற்சியைக் கற்றுக்கொண்டு வருகிறதா, நனைந்த மகிழ்ச்சியோடு மட்டும் வருகிறதா என்பதை என் போன்றவன் நின்று பார்த்துத் தீர்மானிக்க முடியாது. நீரை முதலில் நேசிக்கட்டும், பாடம் பிறகு வரட்டும் என்பது என் நம்பிக்கை; அது நம்பிக்கைதான், நிரூபணம் அல்ல.

பசிபிக் தீவுகளின் பொலினேசியப் பண்பாட்டின் தரப்பும் உண்டு. டெ ஃபிடி படத்துக்காகப் படைக்கப்பட்ட தெய்வம். அதே படத்தில் வரும் மாவுய் பசிபிக் தீவுகளின் உண்மையான தொன்மங்களில் வரும் வீரன். இரண்டையும் ஒரே தட்டில் வைத்து ஒரு பூங்கா அலங்கரிப்பதைப் பற்றி அந்த மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதை அவர்களே சொல்ல வேண்டும். ஃபுளோரிடாவையும் அறியாத, பசிபிக்கையும் அறியாத ஒரு தமிழ்க் குழந்தைக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிந்துவிடக் கூடாது என்பது மட்டும் என் கவலை. நீங்கள் அருகில் இருந்து பிரித்துச் சொன்னால் போதும்.

உங்கள் பயணத்துக்கு உதவும் சில செய்திகள். நீர்ப் பாதைக்குத் தனிக் கட்டணம் இல்லை. பூங்கா டிக்கெட் போதும். பாதை சமதளம் என்பதால் உங்கள் பெற்றோர் மெதுவாக நடந்து வரலாம். டிசம்பரில் ஆர்லாண்டோவில் மாலை குளிர்ந்துவிடும், ஆகவே மகள் நனைய வேண்டுமென்றால் நண்பகலில் போங்கள். மாற்று உடை ஒன்று கையில் இருக்கட்டும். இருட்டிய பிறகு விளக்குகளோடு பாதை வேறொன்றாகத் தெரியும், நனையாமல் இன்னொரு முறை நடக்கலாம். ‘தி லேண்ட்’ படகை முதலில், நீர்ப் பாதையை இரண்டாவதாக, ‘தி ஸீஸ்’ அரங்கை மூன்றாவதாக வைத்துக்கொள்ளுங்கள். நிலம், நீர், கடல் என்ற வரிசை தானாக அமையும். மழை பெய்தால் ஸ்பேஸ்ஷிப் எர்த்தின் அடியில் நின்று பாருங்கள். அவ்வளவு பெரிய கோளத்தின் விளிம்பிலிருந்து தண்ணீர் கொட்டாது. தகடுகளுக்கிடையே உள்ள இடுக்குகள் வழியாக மழைநீர் உள்ளே இறங்கி, உள்வடிகால் வழியே போய், நாடுகளின் அரங்குகள் சூழ்ந்த அந்த ஏரியைச் சேர்கிறது. 1982இலிருந்து எப்காட்டில் ஓடிக்கொண்டிருக்கும் உண்மையான நீர்ப் பயணம் அது; மகளிடம் மறக்காமல் காட்டுங்கள்.

ஒரு நாள் மிச்சம் இருந்தால் பூங்காக்களை விட்டு வெளியே வாருங்கள். ஏறத்தாழ ஒரு மணி நேரக் கார்ப் பயணத்தில் ப்ளூ ஸ்பிரிங் மாநிலப் பூங்கா இருக்கிறது. நவம்பர் நடுவிலிருந்து மார்ச் வரை மானட்டிகள் அந்த ஊற்றுக்கு வரும் பருவம். குளிர் கூடுதலாக இருக்கும் காலையில் நிறைய வரும். அந்தப் பருவத்தில் ஊற்றில் இறங்க அனுமதி கிடையாது, கரையோர மரப் பாதையிலிருந்து பார்க்கலாம். வாரக் கடைசியில் கூட்டம் நிரம்பினால் வாயிலையே மூடிவிடுவார்கள். ஆகவே வார நாளில், திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள்.